கைக்கடிகாரக் கைவினையைக் கற்பித்தல்: மரபுத்திறன் கையளிப்பும் இன்றைய தேவையும்

ஆய்வுச்சுருக்கம்

நேரம் அறியக் கைக்கடிகாரம் இன்றியமையாத கருவியாக இருந்த காலம் முடிந்துவிட்டது. எனினும் சாவி கொடுத்து இயக்கும் இயந்திரக் கைக்கடிகாரத்தைச் செய்யவும் செப்பனிடவும் கற்பிக்கும் பள்ளிகள் சுவிட்சர்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் தொடர்ந்து இயங்குகின்றன. இப்பயிற்சிக்கு இன்றும் தேவை உண்டா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. அத்தொழிலின் தேவையை நேரங்காட்டும் துல்லியத்தைக் கொண்டு அளப்பது பொருந்தாது என்றும், கிடைக்காத உறுப்பைப் புதிதாகச் செய்து தரும் ஆற்றலே அதன் மையம் என்றும், பாடத்திட்டம் அவ்வாற்றலைக் கைவிட்டால் தொழிலின் பெயர் மட்டுமே எஞ்சும் என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கைக்கடிகாரம், கைவினை, உள்ளுறை அறிவு, திறன் கையளிப்பு, பழுதுபார்த்தல், எச்.எம்.டி.

முன்னுரை

கைவினைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நெசவு, மண்பாண்டம், உலோக வார்ப்பு போன்றவற்றையே எடுத்துக்கொள்கின்றன. கடிகாரத் தொழில் எந்திரத் தொழிலாகக் கருதப்படுவதால் கைவினை ஆய்வுகளில் அதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை. ஆனால் ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ, சுவிட்சர்லாந்தும் பிரான்சும் இணைந்து முன்மொழிந்த இயந்திரக் கடிகாரக் கைவினையையும் இயந்திரக் கலையையும் 2020ஆம் ஆண்டு மானுடத்தின் தொட்டுணரவியலாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. யுரா மலைத்தொடரை ஒட்டிய பகுதியில் வாழும் இத்திறன், கட்டடமோ பொருளோ அல்லாமல் மனிதரின் கைகளில் நிலைபெற்ற அறிவு என்பதை இவ்வேற்பு உணர்த்துகிறது. அவ்வறிவு எவ்வாறு கைமாறுகிறது, எங்கே அறுபடுகிறது, அறுபட்டால் இழப்பு யாருக்கு என்பன இக்கட்டுரையின் வினாக்களாகும்.

பகுத்த உழைப்பும் முழுமைத் திறனும்

கடிகாரத் தொழிலின் வரலாற்றில், ஒருவரே முழுக் கடிகாரத்தையும் செய்தல் என்பது பொதுவழக்காக இருந்ததில்லை. ஜெனீவாவில் 1601இல் கடிகாரத் தொழிலாளர் குழாம் அமைந்தது. பின்னர் நியூசாட்டல் மலைப்பகுதியின் வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் தொழில் பரவியது. ஒருவர் சக்கரம் வெட்டுவார், ஒருவர் கற்களைப் பதிப்பார், மற்றொருவர் முகப்புத் தகட்டுக்கு மெருகிடுவார். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியில் கார்ல் மார்க்சு உழைப்புப் பிரிவினையை விளக்கக் கடிகாரத் தொழிலையே சான்றாக எடுத்துக்கொண்டார். லா ஷோ-தெ-ஃபோன், லெ லோக்ல் என்னும் இரு நகரங்களின் அமைப்பே இத்தொழிலைச் சுற்றி உருவானமையால் அவை 2009இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன.

உழைப்பு இவ்வாறு பகுக்கப்பட்டபோது முழுமையான பார்வை எங்கே தங்கியது என்னும் வினா எழுகிறது. அதற்கு விடையாக அமைந்தவை கடிகாரப் பள்ளிகள். ஜெனீவாக் கடிகாரப் பள்ளி 1824இல் தோன்றியது. பயிற்சியின் நிறைவில் மாணவர் தம் கையால் ஒரு கடிகாரத்தை முடித்துக் காட்டும் ‘பள்ளிக் கடிகாரம்’ என்னும் வழக்கம் இப்பள்ளிகளில் நிலவியது. தொழிற்சாலையில் ஒரே உறுப்பைச் செய்யப் போகும் மாணவரும் ஒருமுறையேனும் முழுமையைத் தொட்டுப் பார்த்துவிட்டே வெளியேற வேண்டும் என்பது இதன் உட்கருத்து எனலாம்.

குவார்ட்ஸ் மாற்றமும் பள்ளிகளின் நிலையும்

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் ‘ஆஸ்ட்ரான்’ என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று வழக்கிலுள்ள குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அக்கால இயந்திரக் கடிகாரத்தின் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 வீச்சுகள், அதாவது நொடிக்கு ஐந்து வீச்சுகள் மட்டுமே ஆடியது. சுவிட்சர்லாந்தின் அதிகாரப்பூர்வத் துல்லியச் சோதனையில் தேறும் இயந்திரக் கடிகாரமே நாளொன்றுக்கு நான்கு நொடி பிந்தலாம், ஆறு நொடி முந்தலாம். சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரமோ மாதத்திற்கு ஏறத்தாழ 15 நொடிகளே பிழைபடுகிறது. துல்லியத்தை அளவுகோலாகக் கொண்டால் இயந்திரக் கடிகாரம் அன்றே தோற்றுவிட்டது.

இதன் விளைவு கடுமையாக இருந்தது. 1970இல் சுமார் 90,000ஆக இருந்த சுவிட்சர்லாந்துக் கடிகாரத் தொழிலாளர் எண்ணிக்கை 1980களின் நடுவில் சுமார் 30,000ஆகக் குறைந்தது. 1983இல் அறிமுகமான ‘ஸ்வாட்ச்’ அத்தொழிலை மீட்டெடுத்த கடிகாரமாகப் போற்றப்படுகிறது. ஆனால் 51 உறுப்புகளே கொண்ட அக்கடிகாரத்தின் நெகிழிக் கூடு ஒட்டி மூடப்பட்டது. பிரித்துச் செப்பனிடுவதற்காக அது செய்யப்படவில்லை. தொழிலை மீட்ட பொருளே பழுதுபார்ப்பவரின் தேவையை நீக்கியது என்பது கருதத்தக்கது.

பின்னர் இயந்திரக் கடிகாரம் ஆடம்பரப் பொருளாக மறுபிறப்பெடுத்தது. 2023இல் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் துறை ஏற்றுமதி மதிப்பு சுமார் 2,670 கோடி பிராங்க். ஏற்றுமதியான கைக்கடிகாரங்கள் சுமார் 1.7 கோடி. அம்மதிப்பின் மிகப் பெரும்பகுதி இயந்திரக் கடிகாரங்களால் வருவது. தொழிலாளர் எண்ணிக்கையும் மீண்டும் 60,000ஐக் கடந்தது. எனவே ‘அழியும் தொழில்’ என்னும் முடிவு மேலோட்டமானது. தொழில் அழியவில்லை, அதன் உள்ளடக்கம் மாறியிருக்கிறது. கணினி வழி இயங்கும் பொறிகள் உறுப்புகளை வெட்டித் தருகின்றன. கடிகாரக் கலைஞர் அவற்றைப் பூட்டுகிறார், எண்ணெயிடுகிறார், ஓட்டத்தைச் சீர்செய்கிறார். உறுப்பு கெட்டால் புதிய உறுப்பை வருவித்து மாற்றுகிறார். உறுப்பைத் தாமே செய்யும் தேவை அன்றாடப் பணியிலிருந்து விலகிவிட்டது.

உள்ளுறை அறிவு: ஓர் அச்சைக் கடைதல்

விலகிய திறன் எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கைக்கடிகாரம் கீழே விழுந்தால் பெரிதும் உடைவது பேலன்ஸ் சக்கரத்தின் அச்சாகும். அதன் இரு முனைகளும் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. தலைமயிரை ஒத்த மென்மையுடையவை. அம்முனைகளைத் தாங்கிக்கொண்டே சக்கரம் நாளொன்றுக்கு 4,32,000 முறை வீசி ஆடுகிறது. மாற்று அச்சு கிடைக்காத நிலையில் அதனை எஃகுக் கம்பியிலிருந்து கடைந்தெடுக்க வேண்டும்.

அதற்கு எஃகைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். அப்போது அது கண்ணாடிபோல் கடினமாகவும் நொறுங்கும் தன்மையுடனும் இருக்கும். மீண்டும் மெல்லச் சூடேற்ற, மெருகிட்ட பரப்பில் வைக்கோல் நிறமும் பழுப்பும் ஊதாவும் நீலமும் வரிசையாகத் தோன்றும். ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் வரும் நீலத்தில் நிறுத்தினால், கடையவும் முடியும், தேய்மானத்தையும் தாங்கும். பின்னர்க் கடைசல் பொறியில் கையுளியை ஊன்றிக் கடைந்து, இறுதியில் முனைகளை அழுத்தித் தேய்த்து மெருகேற்ற வேண்டும்.

இச்செயல்முறை முழுவதையும் நூலில் எழுதிவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் நீலம் எந்த நொடியில் போதுமானது, உளியின் அழுத்தம் எப்போது அளவு கடக்கிறது, முனை உடையப் போவதை விரல் எவ்வாறு முன்னுணர்கிறது என்பவை எழுத்தில் அடங்குவதில்லை. மைக்கேல் போலானி 1966இல் வெளியிட்ட நூலில் விளக்கிய ‘உள்ளுறை அறிவு’ என்னும் கருத்தாக்கம் இதற்குப் பொருந்துகிறது. செய்பவரின் அறிவு அவர் சொல்லக்கூடியதைவிட மிகுதியானது. ஆகவே அருகிருந்து பார்த்தும், செய்து கெடுத்தும், திருத்தப்பெற்றும் மட்டுமே அது அடுத்தவருக்குச் செல்கிறது. ஒரு தலைமுறை இதைச் செய்யாமல் விட்டால், நூல்கள் நூலகத்தில் இருந்தும் திறன் இல்லாமற் போகும்.

கையளிப்பின் இரு முறைகள்

இத்தகைய திறன் கைமாறிய இரண்டு நிகழ்வுகளை ஒப்பிடுவது பயன்தரும்.

முதலாவது இங்கிலாந்தைச் சார்ந்தது. ஜார்ஜ் டேனியல்ஸ் (1926–2011) கடிகாரத்தின் ஏறத்தாழ எல்லா உறுப்புகளையும் தாமே செய்தவர். மரபாகப் பல தனித் தொழிலாளர் பகிர்ந்துகொண்ட வேலைகளை ஒருவரே கற்றுச் செய்யும் முறையை அவர் வகுத்தார். 1981இல் ‘வாட்ச்மேக்கிங்’ என்னும் நூலாகவும் எழுதினார். மான்செஸ்டரில் கடிகாரக் கல்வி பயின்ற ரோஜர் ஸ்மித் அந்நூலைத் துணைக்கொண்டு ஒரு சட்டைப்பைக் கடிகாரத்தைச் செய்து டேனியல்ஸிடம் காட்டினார். கையால் செய்தது என்பது பார்த்தவுடன் தெரிகிறது என்பதே ஆசிரியர் கண்ட குறை. ஸ்மித் மீண்டும் தொடங்கினார். ஐந்தாண்டுகளுக்கு மேல் உழைத்து இரண்டாவது கடிகாரத்தை முடித்த பின்னரே ஏற்பைப் பெற்றார். நூல் இருந்தது, கற்றவரிடம் பயிற்சியும் இருந்தது. ஆயினும் ‘போதாது’ என்று சொல்லும் ஒரு கண் தேவைப்பட்டது. தர அளவு ஆசிரியரின் பார்வையில் உறைந்திருந்தது.

டேனியல்ஸின் முறை பழைமைப் பேணலோடு நின்றுவிடவில்லை என்பதும் சுட்டத்தக்கது. கடிகாரத்தின் விசையைச் சிறிது சிறிதாக விடுவிக்கும் உறுப்பமைப்பில் உராய்வைக் குறைக்கும் ‘கோ-ஆக்சியல்’ அமைப்பை அவர் உருவாக்கினார். ஒமேகா நிறுவனம் 1999 முதல் அதனைத் தன் கடிகாரங்களில் பயன்படுத்தியது. முழுமையாகச் செய்யத் தெரிந்தவரால்தான் முழுமையில் ஓரிடத்தை மாற்றவும் முடிந்தது.

இரண்டாவது நிகழ்வு சுவிட்சர்லாந்து, பிரான்சு நாடுகளைச் சார்ந்தது. ராபர்ட் க்ரூபல், ஸ்டீஃபன் ஃபோர்சி, பிலிப் துஃபூர் ஆகிய மூன்று கடிகாரக் கலைஞர்கள் ‘ஒரு கடிகாரத்தின் பிறப்பு’ என்னும் பொருள்தரும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். பாரிசில் கடிகாரக் கல்வி கற்பித்து வந்த மிஷேல் பூலாஞ்சே என்னும் ஆசிரியரை மாணவராக ஏற்று, கணினிவழிப் பொறிகளின்றிக் கையால் இயக்கும் கருவிகளைக் கொண்டு முழுக் கடிகாரம் செய்யக் கற்பித்தனர். செய்முறைகள் பதிவு செய்யப்பட்டன. பல ஆண்டு உழைப்பில் முடிந்த அப்பள்ளிக் கடிகாரம் 2016 மே மாதம் ஹாங்காங் ஏலத்தில் சுமார் 14.6 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது.

ஏல விலையே பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் கல்வி நோக்கில் முதன்மையானது வேறொன்று. கடிகாரக் கல்வியைத் தொழிலாகக் கொண்ட ஒருவரே மரபு முறைகளை முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. இது அந்த ஆசிரியரின் குறையன்று. பராமரிப்பை மையமாகக் கொண்டு மாறிய பாடத்திட்டத்தின் விளைவு. மாணவர் ஒருவருக்குக் கற்பித்தால் அறிவு ஒரு பட்டறைக்குச் செல்லும். ஆசிரியருக்குக் கற்பித்தால் ஆண்டுதோறும் ஒரு வகுப்பறைக்குச் செல்லும். டேனியல்ஸ் முறை ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சென்றது. பின்னது கையளிப்பவரையே உருவாக்க முயன்றது. அறுபடும் நிலையிலுள்ள எந்தக் கைவினைக்கும் இவ்வேறுபாடு பாடமாகக் கூடியது.

நிறுவனக் கல்வியைப் பொறுத்தவரை, சுவிட்சர்லாந்தின் தொழிற்பயிற்சியில் முழுமையான கடிகாரக் கலைஞர் பயிற்சி நான்காண்டுகள், உற்பத்திப் பிரிவுப் பயிற்சி மூன்றாண்டுகள். 1966இல் தொடங்கப்பெற்ற ‘வோஸ்டெப்’ அமைப்பு பிற நாட்டினருக்கான பாடத்திட்டத்தை வகுத்தது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரப் பல்கலைக்கழகம் கடிகாரவியலில் பட்டப்படிப்பை நடத்தியது. ஆயினும் அந்நாட்டின் மரபுக் கைவினைகள் சங்கம் தன் அபாயப் பட்டியலில் கைக்கடிகாரம் செய்தலை மிகக் கடுமையான அழிவு நிலையில் உள்ள கைவினையாக வகைப்படுத்தியுள்ளது.

தேவை குறித்த விவாதம்

இப்பயிற்சிக்கு எதிராகச் சொல்லத்தக்க வாதம் வலுவானது. மிகச் சிலர் வாங்கும் விலையுயர்ந்த பொருளுக்காக இளைஞர் பல ஆண்டுகளைச் செலவிட வேண்டுமா? அத்திறனை ‘பண்பாட்டு மரபு’ என்று அழைப்பது ஆடம்பர நிறுவனங்களுக்கு விளம்பரமாகாதா? இவ்வினாக்களை ஒதுக்கிவிட இயலாது. கடிகாரக் கல்வியின் இன்றைய உயிர்ப்பில் அந்நிறுவனங்களின் முதலீட்டிற்குப் பெரும்பங்கு உண்டு. அதே நிறுவனங்களிற் பல, உதிரி உறுப்புகளைத் தம் அங்கீகாரம் பெற்ற நிலையங்களுக்கு மட்டுமே வழங்குகின்றன. தனிப் பழுதுபார்ப்போரின் ஐரோப்பியக் கூட்டமைப்பு இதனை எதிர்த்து 2004இல் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. ஆணையம் முறையீட்டை நிராகரித்ததை 2010இல் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. 2014இல் ஆணையம் மீண்டும் நிராகரித்தது. 2017இல் நீதிமன்றம் அம்முடிவை ஏற்றது. பள்ளியில் பயின்று வெளிவரும் ஒருவர் தனித்துக் கடை வைத்து வாழ முடியுமா என்பது இவ்வழக்கில் அடங்கியிருந்த வினா.

இவ்விடத்தில்தான் உறுப்பைச் செய்யும் திறனின் தேவை தெளிவாகிறது. மாற்றத் தெரிந்தவர் உறுப்பை வழங்குபவரைச் சார்ந்திருக்கிறார். செய்யத் தெரிந்தவர் அச்சார்பிலிருந்து ஓரளவு விடுபடுகிறார். வழங்கும் தொழிற்சாலையே மூடப்பட்டுவிட்டால், செய்யத் தெரிந்தவர் மட்டுமே எஞ்சும் வழி.

அருங்காட்சியகங்களுக்கும் இது பொருந்தும். கடலில் நெடுங்கோட்டை அறிய ஜான் ஹாரிசன் 18ஆம் நூற்றாண்டில் செய்த கடிகாரங்கள் துருவும் அழுக்கும் படிந்து கிடந்தன. கடற்படை அதிகாரியான ரூபர்ட் கௌல்டு 1920 முதல் அவற்றைச் செப்பனிட்டு மீண்டும் ஓடச்செய்தார். ஓடாத கடிகாரம் உருவத்தை மட்டுமே காட்டும். ஓடும் கடிகாரம் சிந்தனையைக் காட்டும். தொழில்நுட்ப வரலாற்றின் மூல ஆவணங்களை வாசிக்கும் எழுத்தறிவாக இத்திறனைக் கொள்ளலாம்.

இந்தியச் சூழல்

இவ்வாய்வின் முடிவுகளை இந்தியச் சூழலில் பொருத்திப் பார்க்க எச்.எம்.டி. கடிகாரங்கள் தக்க சான்று. ஜப்பானின் சிட்டிசன் நிறுவன ஒத்துழைப்புடன் 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகார உற்பத்தி தொடங்கியது. ‘ஜனதா’ போன்ற சாவி கொடுக்கும் வகைகள் நடுத்தரக் குடும்பங்களின் முதல் கைக்கடிகாரமாயின. திருமணச் சீராகவும் பணி ஓய்வுப் பரிசாகவும் அவை கைமாறின. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் இணைந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஒசூர் ஆலையிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களைக் கொண்டுவந்தபின் சந்தை மாறியது. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது.

ஆலை மூடப்பட்டது, கடிகாரங்கள் வீடுகளில் உள்ளன. அவற்றின் பேலன்ஸ் அச்சு உடைந்தால் இன்று உள்ள வழிகள் மூன்று: இருப்பில் எஞ்சிய உதிரியைத் தேடுதல், மற்றொரு பழைய கடிகாரத்தைப் பிரித்து உறுப்பெடுத்தல், புதிதாகக் கடைதல். முதல் இரண்டும் ஆண்டுதோறும் சுருங்குபவை. மூன்றாவது மட்டுமே தீராதது. ஆனால் அதற்கான பயிற்சியே அரிதாகிவிட்டது. கடைவீதிகளில் கண்ணாடிப் பெட்டியின் முன் அமர்ந்து வேலை செய்யும் கடிகாரப் பழுதுபார்ப்போர் தந்தையிடமோ மூத்த தொழிலாளரிடமோ கற்றவர்கள். பேட்டரியும் பட்டையும் மாற்றுவதே அவர்களின் பெரும்பான்மை வருவாயாகிவிட்ட நிலையில், அடுத்தவருக்குக் கற்பிக்கும் வாய்ப்பும் காரணமும் குறைகின்றன. கல்லூரிப் பாடத்திட்டமோ சான்றிதழோ அவர்களுடைய அறிவைத் தாங்கவில்லை. சுவிட்சர்லாந்தில் ஆடம்பரச் சந்தை பள்ளிகளைக் காத்தது. எளிய மக்களின் கடிகாரத்திற்கு அத்தகைய காவல் இல்லை.

ஆயினும் பெருமுதலீடின்றித் தொடங்கக்கூடிய பணி ஒன்றுண்டு. வேலை நடக்கும்போதே அதனைக் காட்சியாகப் பதிவு செய்தல், அத்தொழிலாளரின் வழக்குச் சொற்களைத் தொகுத்தல், தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர் ஒருவரை அவர்களிடம் பயிலச் செய்தல் ஆகியன அவை. முதலிரண்டும் நாட்டார் வழக்காற்றியல், சொல்லகராதியியல் ஆகிய துறைகளின் எல்லைக்குள் அடங்குவன. மூன்றாவது பிரெஞ்சு ஆசிரியரின் நிகழ்வு காட்டிய வழி. பதிவு மட்டும் போதாது என்பதை டேனியல்ஸின் நூலும் ஸ்மித்தின் முதல் கடிகாரமும் உணர்த்தியுள்ளன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. கடிகாரத் தொழிலின் தேவையை நேரத் துல்லியத்தால் அளப்பது பொருந்தாது. அப்போட்டி 1969க்குப் பின் முடிந்துவிட்டது. பூட்டும் திறனும் மாற்றும் திறனும் தொழிற்சாலையின் இருப்பைச் சார்ந்தவை. செய்யும் திறன் மட்டுமே தொழிற்சாலையின் மறைவுக்குப் பின்னும் நிற்பது. அத்திறன் உள்ளுறை அறிவாதலால் நூலாலும் படத்தாலும் முழுமையாகக் கைமாறாது. கற்பிப்பவரைக் கற்பிப்பதே அதனைப் பரவலாக்கும் வழி. ஆடம்பரச் சந்தையின் ஆதரவு பள்ளிகளைக் காத்தாலும், பழுதுபார்ப்பவரின் தன்னுரிமையையும் எளிய மக்களின் பொருள்களையும் காக்கவில்லை. சாவி கொடுத்தால் இன்றும் ஓடக்கூடிய கடிகாரங்கள் தமிழர் இல்லங்களில் உள்ளவரை, அவற்றின் உடைந்த அச்சைக் கடைந்து தரும் கைகளை உருவாக்குவது பழம்பெருமை பேணும் செயலாக மட்டும் அமையாது; நிகழ்காலத்தின் கல்விப் பணியாகவும் அமையும்.